கிருஷ்ணமணி வீட்டு ஞாயிறு

கிருஷ்ணமணி வீட்டு முறை தவறிவிட்டது.

இதை வேறு யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். ரப்பர் ஷீட் வியாபாரம், சொந்தத் தோட்டம், ஊரிலேயே பெரிய மாடி வீடு. அவன் வீட்டில் அரிசிக்கா பஞ்சம்?

அய்யாவைக் கும்பிடுகிற எங்கள் நிழல் தாங்கலில் ஞாயிறுதோறும் நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்பு முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் சோறு. வாரம் ஒரு வீட்டு முறை. மாடி வீடானாலும் ஓட்டு வீடானாலும் ஒரே அளவு அரிசி போட வேண்டும். முறை தவறினால் அந்த வீட்டுப் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் இல்லாத வீட்டுக் கல்யாணத்தைத் தாங்கலில் நடத்த முடியாது.

அதற்கு முந்தின வாரம் தாணம்மாள் தவறவிட்டிருந்தாள். அவள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற அண்டி ஆபீஸ் மூடிக்கிடக்கிறது. புருஷன் இல்லை. மகள் சபிதாவுக்கு ஆவணியில் கல்யாணம், அதே தாங்கலில்.

அடுத்தடுத்து இரண்டு வாரமும் கமிட்டிக்காரர்களே ஓடிப்போய்க் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். பிறகு கூட்டம் போட்டார்கள்.

தலைவர் ராஜமணி முதலில் தாணம்மாள் பேரைத்தான் எடுத்தார். கஷ்டம் என்றால் கேட்டிருக்கலாமே, கிருஷ்ணமணி பெண்டாட்டி ஒரு சாக்கு அரிசி கொடுத்துவிட்டதைத் திருப்பி அனுப்பினாயாமே, அவ்வளவு வீம்பா என்றார்.

தாணம்மாள் எழுந்து நின்றாள்.

"தர்மம் போடுததுக்கே தர்மம் வாங்கணுமா அண்ணாச்சி?"

ராஜமணி பேர் நோட்டைப் பிரித்தார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பேனாவைத் திறந்தார்.

"அப்போ அதுக்கு அடுத்த வாரம் தவறினவரு பேரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் கிருஷ்ணமணியைப் பார்த்தோம். அவன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். என்ன காரணம் என்று கேட்டதற்கு, "மறந்துபோச்சு" என்றான்.

"பேங்குல போட்டத மறப்பியா மக்கா?" என்றார் ஒரு பெரியவர். பெண்கள் பக்கம் சிரிப்பு. வசதி வந்தால் ஞாபகம் போய்விடும் என்று ஒருத்தர், சோற்றில் மிச்சம் பிடித்துத்தான் மாடி எழுப்பினான் என்று இன்னொருத்தர். அவன் கொடுத்த தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் அவ்வளவும் பேசினோம். அவன் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ராஜமணிக்குத்தான் சங்கடம். திருவிழாவுக்கு லாரி விடுகிறவன் பேரை எப்படி வெட்டுவது? பேனாவை மூடினார். தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஆயிரம் அலைச்சல் இருக்கும், கிருஷ்ணமணியை இந்த ஒரு தடவை விட்டுவிடலாம் என்றார்.

தாணம்மாள் இன்னும் உட்காரவில்லை.

"எனக்கு வேலை இல்ல, தவறிட்டேன். அவருக்கு நேரம் இல்ல, தவறிட்டாரு. எனக்கு வெட்டு, அவருக்கு மாப்பா?"

அதற்குமேல் கூட்டத்தை அடக்க முடியவில்லை. வெட்டினால் இரண்டு பேரையும் வெட்டு, விட்டால் இரண்டு பேரையும் விடு என்று ஒரே சத்தம். மாடிக்கும் ஓட்டுக்கும் ஒரே அளவு என்பதே என்ன நியாயம் என்று, இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவர்களெல்லாம் கேட்டார்கள். கடைசியில் சட்டத்தையே மாற்றினார்கள். இருக்கிறவன் கூடப் போடட்டும், இல்லாதவன் இயன்றதைப் போடட்டும், இரண்டு வீடு சேர்ந்தும் ஒரு முறை நடத்தலாம், யார் பேரையும் வெட்டுவதில்லை.

தவறிய இரண்டு வீட்டையும் சேர்த்து அடுத்த ஞாயிறு ஒரே முறையாகப் போட்டார்கள். கிருஷ்ணமணி தலையை ஆட்டினான். பாதி முறையில் தப்பிவிட்டான் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

அந்த ஞாயிறு தாணம்மாள் தன் விளையில் பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் கொண்டுவந்தாள். அரிசி கிருஷ்ணமணி வீட்டிலிருந்து வந்தது. மைக்கில் தாணம்மாள் வீடு, கிருஷ்ணமணி வீடு என்று சேர்த்துச் சொன்னார்கள். பந்தியில் அவளே மசித்த கிழங்கைப் பரிமாறினாள். கிருஷ்ணமணி இலைக்கு வந்தபோது ஒரு கரண்டி கூடவே வைத்தாள்.

"இன்னைக்காவது மறக்காம வந்தீரே."

அவன் குனிந்து சாப்பிட்டான்.

கை கழுவப் போன ராஜமணி, அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர் ரசலையனிடம் பேச்சுக் கொடுத்தார். பிச்சைக்காரன்கூட மறக்காத முறையை மறந்தவன் எவ்வளவு சொகுசாகச் சாப்பிடுகிறான் பார் என்றார்.

ரசலையன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். முறை தவறிய அந்த ஞாயிறு கிருஷ்ணமணி வீட்டுப் புறக்கடையில் விடிவதற்கு முன்பே அவர்தான் உலை வைத்தாராம். சோறும் குழம்பும் தயார். ஏற்றுகிற நேரத்தில் தாங்கலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்று கூலியில்லாமல் கிடந்த கீரிப்பாறைத் தொழிலாளர் குடியிருப்புக்கு அவ்வளவையும் வேனில் கொண்டுபோய்ப் பரிமாறினார்களாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று ரசலையனிடம் சத்தியமும் வாங்கியிருந்தானாம்.

ராஜமணி ஈரக் கையோடு வெளியே வந்தார். கிருஷ்ணமணி காரில் ஏறப்போனான்.

"ஏன் வே, கூட்டத்துல இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு ஏச்சும் கேட்டிருக்க வேண்டாம்லா?"

கிருஷ்ணமணி பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மைக்கில் பேர் சொன்ன பூரிப்பு மாறாமல் தாணம்மாள் அடுத்த இலைக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா, முறை தவறினது அவ ஒருத்திதான்னு ஆயிருக்கும்லா அண்ணாச்சி."