நாற்காலி நுனி

"உட்காருப்பா" என்றதும் பாலையா உட்கார்ந்தே விட்டான்.

ஒரு பேச்சுக்குச் சொன்னால் இப்படியா? முதுகை நன்றாகச் சாய்த்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி! தேர்வுக் குழுத் தலைவர் சிவசங்கரனுக்கு முகம் சுண்டிவிட்டது.

ஆந்திரா தனி மாநிலமான புதிது. எந்த ஊர் தமிழ்ப் பக்கம், எந்த ஊர் தெலுங்குப் பக்கம் என்ற பஞ்சாயத்தே இன்னும் தீரவில்லை. அதற்குள் சித்தூரில் கிராம சேவக் வேலைக்கு இன்டர்வியூ. ஊர் ஊராகப் போய், கிணறு வெட்டு, நல்ல விதை போடு என்று ஜனங்களிடம் தைரியமாக எடுத்துச் சொல்கிற உத்தியோகம்.

நகரிப் பக்கத்துக்கு இரண்டு இடம். ஒன்று பொது. அது நிலபுலம் உள்ள வீட்டுப் பையன் செங்கல்வராயனுக்கு என்று காலையிலேயே முடிவாகிவிட்டது. இன்னொன்று சேரிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது. அதற்கு வந்திருந்தவர்கள் பாலையாவும் துலுக்காணமும். ஒரே ஊர், ஒரே தெரு, கூடவே படித்தவர்கள். வேலை என்னவோ ஒருத்தனுக்குத்தான்.

"தெலுகு வச்சா?" என்று, தெலுங்கு வருமா என்பதைத் தெலுங்கிலேயே கேட்டார் சிவசங்கரன்.

"வச்சண்டி. தமிழும் வரும் சார்."

"ஊர்ல கிணறு வெட்டணும்னு நீ சொல்றே. ஊர்க் கணக்கு பாக்கற கர்ணம் வேணாங்கறார். என்ன செய்வே?"

"ஏன் வேணாம்னு கேப்பேன் சார். அவர் சொல்றது நியாயமா இருந்தா ஒத்துக்குவேன். இல்லன்னா மேல எழுதிப் போடுவேன்."

"கர்ணத்தையே கேள்வி கேப்பியா?"

"கேக்கறதுக்குத்தானே சார் இந்த வேலை?"

குரல் உயரவில்லை. முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வேறு.

"இப்படிச் சாய்ஞ்சு உக்காந்து பேசினா எவன் மதிப்பான்? மனுஷனுக்குப் பணிவு வேணும்ப்பா. நீ போலாம்."

"சரிங்க சார். வரேன்." அவசரமே இல்லாமல் எழுந்து போனான் பாலையா.

"திமிர் பார்த்தீங்களா?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டார் சிவசங்கரன்.

குழுவின் இன்னொரு உறுப்பினரான அந்த வெங்கடரமணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "செங்கல்வராயனும் இதே பதிலைத்தான் சொன்னான். அப்போ சபாஷ்னீங்க."

"அது தன்னம்பிக்கை சார். இது வேற."

என்ன வேறு என்று கேட்க வெங்கடரமணன் வாயெடுத்தார். அதற்குள் காப்பி வந்துவிட்டது.

காப்பி குடித்து முடித்துத் துலுக்காணத்தைக் கூப்பிட்டார்கள். அவன் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உள்ள வாப்பா. உட்காரு."

"பரவால்லீங்க சாமி."

கெஞ்சாத குறையாகச் சொன்ன பிறகுதான் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டான். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. அட பாவமே! சிவசங்கரனுக்கு மனசு இளகிப்போய்த் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். கை ஆடின ஆட்டத்தில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"பயப்படாதே. நாங்க என்ன புலியா, சிங்கமா? சொல்லு, கர்ணம் கிணறு வேணாங்கறார். என்ன செய்வே?"

"ஐயா மாதிரி பெரியவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே நடந்துக்குவேங்க."

"இதுதான்யா பணிவு!" பூரித்துப்போனார் சிவசங்கரன். அதோடு விட்டாரா? "இதோ பாருப்பா, இன்டர்வியூன்னா மனசை அமைதியா வெச்சுக்கணும். நல்லா நிமிர்ந்து உக்காரணும். நம்மால முடியும்னு நம்பணும். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க சாமி" என்று துலுக்காணம் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான்.

"வேலை உனக்குத்தான். ஆர்டர் தபால்ல வரும். வீட்டுக்குப் போய் சந்தோஷமா சொல்லு."

மத்தியானம் தயிர் சாதம் முடித்துக் கொல்லைப் பக்கம் கைகழுவப் போனார் சிவசங்கரன். ஒரு ஏழைப் பையனுக்கு வேலையும் கொடுத்து, தைரியமும் கொடுத்த திருப்தி. வயிற்றைவிட மனசு நிறைந்திருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தார். புங்க மரத்தடியில் பாலையாவும் துலுக்காணமும் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்திருந்தார்கள். செம்பைத் தூக்கி ஒரு சொட்டு சிந்தாமல் மடமடவென்று குடித்தான் துலுக்காணம்.

"அவங்க காப்பி குடிச்ச நேரத்துல நீ சொல்லிக்குடுத்ததுல ஒண்ணு விடலடா பாலையா. கைகட்டி நின்னேன், சாமின்னேன், நுனியில குந்தினேன். தண்ணிய சட்டை மேல ஊத்திக்கினது மட்டும் என் சொந்த சரக்கு."

"பலே! அப்பறம் இன்னாடா, மொகத்த தொங்கப் போட்டுக்கினு?"

"உனக்கு வர வேண்டிய வேலைடா அது. என்னவிட நீ எவ்ளோ நல்லா படிச்சவன். எனக்கு ஏண்டா சொல்லிக்குடுத்த? சோறே எறங்கல."

"போடா பைத்தியக்காரா. எனக்கு இல்லன்னு அந்த ஐயா மொகமே சொல்லிடுச்சு. உனக்கும் இல்லன்னா, சேரியில சரியான ஆளே கெடைக்கலன்னு எழுதி அந்த எடத்தையே மூடிடுவாங்க. நம்ம தெருவுக்கு ஒரு உத்தியோகம் வந்துச்சா, அத்தோட உடு. துன்னு."

"வேலைக்குப் போன அப்பறமும் நடுங்கிக்கினே இருக்கணுமா?"

பாலையா சிரித்தான்.

"ஆர்டர் கைக்கு வர வரைக்கும் நடுங்கு, போதும். என்னைக்காவது நீ அந்த ஐயா எடத்துல குந்துவ இல்ல, அன்னைக்கு எவனாச்சும் எதிர்ல சாஞ்சு குந்தினான்னா, அவன வெளிய மட்டும் அனுப்பிடாதடா."