மூஞ்சூறு செய்த நீலக் கார்

டீக்கடைச் சுவருக்குள் குடியிருந்த மூஞ்சூறு, கடை டிவியில் தினமும் ஒரு நீலக் காரைப் பார்க்கும். யார் ஆபத்தில் கத்தினாலும் அந்தக் கார் பாய்ந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். மூஞ்சூறுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சோப்பு டப்பாவில் சோடா மூடிகளைச் சக்கரமாக மாட்டி, நீலப் பெயிண்ட் பூசி, அதே மாதிரி ஒரு கார் செய்தது.

"இது ஓடுமா?" என்றது அதன் சிநேகிதன் ஓணான்.

"தள்ளினா ஓடும்."

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு பாடு?"

"டிவியில இருக்கறதைத் தொட முடியலையே! இதுல ஏறியே உட்காரலாம், பாரு!"

அந்த நேரம், வாசல் மரத்திலிருந்து அதே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அணில் குட்டி தவறிக் கீழே விழுந்தது. பூனை ஒன்று பதுங்கிப் பதுங்கி நெருங்கியது. "ஓடு, ஓடு!" என்று தாய் அணில் மேலிருந்து கதறியும், பயத்தில் குட்டிக்குக் கால் எழவில்லை.

மூஞ்சூறும் ஓணானும் காரைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தன.

"ஐ! நீலக் காரு!" குட்டி துள்ளி உள்ளே குதித்தது.

பூனை தாவுவதற்குள் கார் விறகுக் குவியலுக்குள் புகுந்துவிட்டது. ஓணானுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் காரை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"டேய், இப்ப நான் ஏறிக்கறேன், நீ தள்ளுடா!"