வெள்ளைக்குப் பூக்காத சுவர்

பீளமேட்டுக் கல்லூரியின் கண்காட்சிக் கூடத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். புரொஜெக்டரின் ஒளியில் தூசி மிதக்கிறது. தாரணி எழுதிய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமரா முன்னால் யார் வந்து நின்றாலும், அவர்கள் உடுத்தியிருக்கும் நிறத்தில் எதிர்ச்சுவரில் பூக்கள் பூக்கின்றன. சற்று முன்பு தோழி ஜோஸ்லின் மஞ்சள் சுடிதாரில் நின்றபோது சுவரெங்கும் ஆவாரம்பூ. இப்போது நிற்பவர் தாரணியின் அப்பா தம்பிதுரை. மகள் செய்ததைப் பார்க்கவென்று கொடுமுடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டி, கஞ்சி போட்டு மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை. சுவரில் ஒரு பூகூட இல்லை. சுவரே வெள்ளையாக இருப்பதால் வெள்ளை நிறத்தை விட்டுவிடச் சொல்லி புரோகிராமில் எழுதியவள் தாரணிதான். அப்பாவிடம் வேறு நிறத்தில் சட்டையே கிடையாது என்பது எழுதும்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவர் காலரைச் சரிசெய்கிறார், ஓரடி தள்ளி நிற்கிறார், கையை மெல்ல ஆட்டிப் பார்க்கிறார். “நாந்தான் சரியா நிக்கலையாட்ட இருக்குது, அம்மணி.” “நீங்க சரியாத்தானுங்கப்பா நிக்கறீங்க. அப்படியே இருங்க.” தாரணி லேப்டாப்பை விட்டு எழுந்து வருகிறாள். தன் சிவப்புத் துப்பட்டாவை எடுத்து, ஒரு உதறு உதறி, அவர் தோள்களில் போர்த்துகிறாள். மேடையில் பொன்னாடை வாங்குகிறவரைப் போல அவர் கைகள் தாமாகக் குவிகின்றன. சுவரில் செம்பருத்திகள் ஒவ்வொன்றாக விரிகின்றன, இரண்டு தோள்களின் அகலத்துக்கு.