எண்பதில் வரும் உதறல்

எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அந்த அறுபத்து மூணு மாடல் கார் மறுபடி உதற ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த கார் கிளப் கோப்பைகூடக் கடகடவென்று ஆடியது.

"பாத்தியா ரோண்டா! டயர் மாத்தியாச்சு, கியர்பாக்ஸைப் பிரிச்சாச்சு, மூணு மாசமா எனக்குத் தூக்கமில்ல. சனிக்கிழமை இதுல அடிலெய்டு போகணும். எந்தப் படுபாவியோ அடியில எதையோ நோண்டியிருக்கான். கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்!" என்று கத்தினார் மெர்வ்.

பல்லாரட் ஊரில் அவர் பார்த்த மெக்கானிக்குகளில் ரோண்டா ஐந்தாவது ஆள். ஷெட்டுக்கு வந்ததும் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்தாள். பின்சக்கரத்தைச் சுழற்றும் நீளமான இரும்புத் தண்டு கண்ணாடி மாதிரி மின்னியது.

"இதுமேல சின்னதா ஒரு தகடு ஒட்டியிருந்திருக்குமே?"

"ஆமா, மரு மாதிரி அசிங்கமா இருந்துச்சு. நான்தான் ராவி எடுத்தேன்."

"தண்டு ஆடாம சுத்தணும்னு எடை பார்த்து வெல்டு வச்ச தகடுய்யா அது! அதைப் போய் எதுக்கு எடுத்த?"

வண்டி தரைக்கு இறங்கியதும் மெர்வ் கதவைத் திறந்து, கோப்பையைப் பிய்த்தெடுத்து, சீட்டுக்கடியில் தள்ளப் பார்த்தார். அதற்குள் ரோண்டா அதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள்.

'அடிப்பாகம் பளபளப்பான கார்: முதல் பரிசு.'