பத்து பட்டன்

"புது மெஷினுக்கு நாம கேம் பண்ணப் போறதில்லை. பழைய மெஷின்லயே இருந்துடலாம்" என்றார் இஷ்தியாக் அகமது.

எல்லோரும் முதலாளியையே பார்த்தார்கள். ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கின் மாடியில், டி.வி.யில் சொருகி ஆடுகிற வீடியோ கேம்களை எழுதும் சின்ன கம்பெனி அது. மெஷினைச் செய்வது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அதில் ஓடுகிற நூற்றுக்கணக்கான கேம்களில் இரண்டு, இந்த மாடியில் எழுதியவை. 2001-இல் அந்தக் கம்பெனி புது மெஷின் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது.

டோரதிக்குப் பொறுக்கவில்லை. கேம் எழுதுகிறவர்களில் அவள்தான் மூத்தவள்.

"சார், பழசு ரெண்டு வருஷம்கூட தாங்காது. கடையில எல்லாரும் புதுசைத்தான் கேக்கறாங்க. மத்த கம்பெனிங்க எல்லாம் மாறிட்டாங்க. இப்ப ஆரம்பிச்சாத்தான் நமக்கும் கை பழகும்."

"கணக்கு எனக்கும் தெரியும்மா." இஷ்தியாக் அகமது, மூலையில் உட்கார்ந்திருந்த ஜெயசீலனைக் காட்டினார். "புது மெஷினோட கன்ட்ரோலர்ல பத்து பட்டன். இவன் கையால அதைப் பிடிச்சு ஆட முடியுமா?"

ஜெயசீலனின் வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் பாக்கி. மற்ற மூன்றும் முதலாளியின் அப்பா நடத்தும் டேனரியில், தோல் சீவுகிற மெஷினில் போனவை. அதற்குப் பிறகுதான் மாடியில் இந்த வேலை. எழுதி முடித்த கேமை நாள் முழுக்க ஆடி, எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாலு பட்டன் உள்ள பழைய கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆட ஆரம்பித்தால், யார் கண்ணிலும் படாத தப்பெல்லாம் வெளியே வந்துவிடும்.

"லாபம் கம்மியானா பரவாயில்லை" என்றார் முதலாளி. "ஒரு மனுஷனை நடுத்தெருவுல விட்டுட்டு எனக்கு எந்த மெஷினும் வேணாம்."

டோரதியோடு கேம் எழுதுகிற ஜோனதன் முதலில் கை தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஜெயசீலன் எழுந்து கும்பிட்டார். இப்படியும் ஒரு முதலாளியா என்று டோரதியே நினைத்தாள்.

தட்டின கை ஓய்ந்து இரண்டு வாரம் ஆகவில்லை, முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

ஜோனதன் பெங்களூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தான். "பழைய மெஷின் மட்டும்தான் தெரியுமான்னு கேட்டு சிரிக்கிறாங்க" என்றான், டீக்கடையில்.

டோரதிக்கும் எரிச்சல். "ஜெயசீலன் அண்ணா பாவம்தான். அதுக்காக ஒருத்தர் விரலுக்கு மத்த எட்டு பேர் பொழப்பும் போவணுமா? பெரிய பேஜாரா போச்சு."

திரும்பினால், பின்னால் ஜெயசீலன் நிற்கிறார். கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"டீ ஆறுது, குடிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

மறுநாள் காலையில் அவளுடைய மேஜைக்கு வந்தார்.

"ஒரு லெட்டர் டைப் பண்ணித் தர்றியாம்மா? நான் எழுதினா கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்."

"இன்னா லெட்டர்ணா?"

"வேலைய விட்டு நின்னுக்கறேன்னு."

டோரதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அண்ணா, நேத்து நான் ஏதோ வாய்க்கு வந்ததை..."

"நீ சொன்னதுல இன்னா தப்பு? நான் இருக்கிற வரைக்கும் மொதலாளி புது மெஷினைத் தொட மாட்டார். அவ்ளோ நல்ல மனுஷனுக்கு நான் பாரமா இருக்கக் கூடாதும்மா."

"போய் இன்னாண்ணா பண்ணுவீங்க?"

"வாணியம்பாடியில ஒரு ஷூ கம்பெனியில வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கேன். கையப் பாத்துட்டு, யோசிச்சு சொல்றேன்னாங்க."

வேண்டாம் அண்ணா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டைப் செய்தாள். வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

இஷ்தியாக் அகமது கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நீ போனா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஜெயசீலா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சாயங்காலம் சால்வை போர்த்தி, ஆளுக்கு ஒரு பப்ஸ் கொடுத்தார்கள். ஜெயசீலன் ஒவ்வொருவரிடமும் வந்து, "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த வாரமே டோரதி முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், புது மெஷினுக்குப் பர்மிஷன் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதட்டுமா? அவங்க சரின்னு சொன்னாத்தானே நாம ஆரம்பிக்க முடியும்?"

"இன்னா அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம்."

மனுஷர் இன்னும் ஜெயசீலன் போன வருத்தத்தில் இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த அண்ணா வேலையை விட்டது வீணாகிவிடக் கூடாது. அவளே கம்பெனி பேரில் விண்ணப்பம் எழுதி ஃபேக்ஸில் அனுப்பினாள்.

நாலாம் நாள் பதில் வந்தது.

'இது உங்களுடைய இரண்டாவது விண்ணப்பம். முதல் விண்ணப்பத்துக்குச் சொன்ன பதிலே இதற்கும். உங்கள் கேம்களில் தப்பு மிகக் குறைவு, அவற்றைச் சோதிப்பவரைப் பாராட்டுகிறோம். ஆனால் இவ்வளவு சிறிய கம்பெனிக்குப் புது மெஷினில் அனுமதி தருவதற்கில்லை. பழைய மெஷினிலேயே தொடரவும்.'

கூடவே, முதலாளியின் பேருக்கு முன்பு அனுப்பிய பதிலின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

டோரதி அதிலிருந்த தேதியைப் பார்த்தாள். இஷ்தியாக் அகமது எல்லோரையும் கூட்டிவைத்து, ஜெயசீலனின் கையைக் காட்டிப் பேசியதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு வந்திருந்தது அந்தப் பதில்.