மலையைப் புரட்டிய குமரவேல்

வந்த இருவரில் கண்ணாடி போட்டவர் தன் செல்போனை நீட்டினார். "இந்த வீடியோவுல பேசுறது நீங்கதானே?"

"ஆங், நான்தாங்க" என்றான் குமரவேல், முகமெல்லாம் பல்லாக. திருத்தணி பைபாஸில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவனைத் தேடி ரசிகர்கள் காரில் வருகிறார்கள் என்றால் சும்மாவா!

வராமல் என்ன? போன மாதம் ஒரு செல்போன் கம்பெனி தன் புது மாடல் வெளியீட்டுக்கு அழைப்பிதழ் விட்டது. பொருளைக் காட்டாமல், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வளைவுகளை மட்டும் வரைந்திருந்தார்கள். ஊரெல்லாம் சூரியன் என்றது, வாழைப்பழம் என்றது. குமரவேல் மட்டும் தன் சேனலில், "இது மடக்குற போனுங்க, எழுதி வெச்சுக்கோங்க" என்று அடித்துச் சொன்னான். மடக்குகிற போனேதான் வந்தது. வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

"நாங்க அந்தக் கம்பெனி விஜிலென்ஸ்" என்றார் கண்ணாடிக்காரர், கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டி. "உங்க மனைவி சுதா எங்க ஃபேக்டரியிலதானே வேலை பார்க்கிறாங்க?"

குமரவேலுக்கு, 'என் வீட்டுக்காரம்மா சுதாவே அந்தக் கம்பெனிதான்' என்று வீடியோவில் பீற்றிக்கொண்ட வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கே.ஜி.கண்டிகையில் கம்பெனி பஸ் ஏறி ஆறு வருடமாக ஓடுகிறவள் அவள். அடுத்த மாதம்தான் சூப்பர்வைசர் ஆகப் போகிறாள். அதற்குள் இப்படி ஒரு வினையா!

"அவ ஒண்ணுமே சொல்லலைங்க சார்! வீட்டுல கம்பெனி பேச்சே எடுக்க மாட்டா. செல்லக்கூட கேட்டுலயே வாங்கி வெச்சுக்குறாங்களே, உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப மடக்குற போன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் பை மாட்டியிருந்த இன்னொருவர். "போலீசுக்குப் போனா ரெண்டு பேர் மேலயும் கேஸ்."

"படத்தைப் பார்த்துதாங்க சொன்னேன். முருகன் மேல சத்தியமா!" மலை இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைக்காரர் ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அடுத்த பொருளோட அழைப்பிதழ். இன்னும் வெளியே விடலை. இது என்னன்னு சொல்லிட்டா, உங்க மனைவி மேல தப்பில்லைன்னு எழுதிட்டுப் போயிடறோம். இல்லைன்னா நாளையிலிருந்து அவங்க பஸ் ஏற வேண்டாம்."

இரண்டு நீல மலைகள். நடுவே பள்ளம். ஒரு மலையின் ஓரத்தில் குட்டிச் சூரியன், பக்கத்தில் படிக்கட்டு. அவ்வளவுதான் படம்.

டீ கொண்டுவந்த பக்கத்துக் கடை ஜெயம்மா எட்டிப் பார்த்தாள். "நம்ம மலைதான் நைனா. ஆடிக் கிருத்திகை பேனரா?"

"கம்முனு போக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

சுதாவின் முகம் கண்முன்னே வந்து வந்து போனது. பிறகுதான் அவனுக்குள் இருந்த பிளக்ஸ்காரன் விழித்துக்கொண்டான். எந்த டிசைனரும் வெற்றுத்தாளில் ஆரம்பிப்பதில்லை. பார்ட்டி கொடுத்த போட்டோவை அடியில் போட்டு, அதன் ஓரத்தை அப்படியே இழுத்து, திருப்பிப் போட்டு, கலரடித்துக் கற்பனை என்று கொடுத்துவிடுவான். குமரவேலே ஒரு காதுகுத்து மயிலைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பத்துக் கல்யாணத்தை ஓட்டியவன்.

படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினான். இடம் வலம் மாற்றினான். ஒன்றும் பிடிபடவில்லை. தலைகீழாகப் புரட்டினான்.

"அடேங்கப்பா! கண்ணாடிங்க சார்! மூக்குக் கண்ணாடி! ரெண்டு மலையும் ரெண்டு கண்ணு, நடுப் பள்ளம் மூக்குல உக்கார்ற எடம். இந்தச் சூரியன் இருக்குதே, அது கேமரா. படிக்கட்டு காது பக்கம் வர்ற கம்பி. வெரலால தடவி சவுண்டு ஏத்தி எறக்கலாம்!"

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "வடிவம், அளவு எல்லாம் சொல்ல முடியுமா?"

"சொல்றது இன்னா, வரைஞ்சே தர்றேன்!"

பெண்டாட்டி வேலையாயிற்றே! முன்பக்கம், பக்கவாட்டு, மடக்கிய நிலை என்று அளவோடு வரைந்து பிரிண்ட் எடுத்தான். 'யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது' என்று கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

இருவரும் மாறி மாறிக் கைகுலுக்கினார்கள். "உங்க மனைவிக்கு எங்களால ஒரு தொந்தரவும் வராது. ஆனா இது ரகசியம், அவங்ககிட்டகூட மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். கார் திருப்பதி ரோட்டில் பறந்தது. போகிற போக்கில் பெருமாளையும் சேவித்துவிட்டுப் போவார்கள் போல என்று நினைத்துக்கொண்டான் குமரவேல்.

அன்று முழுக்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயம்மா கடையில் ரெண்டு பஜ்ஜி கூடவே சாப்பிட்டான். பெண்டாட்டி வேலையைக் காப்பாற்றிய விஷயத்தை அவளிடமே சொல்ல முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

நான்கு மணிக்கு, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து சுதா கூப்பிட்டாள். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது பஸ்.

"இன்னா சுதா, லேட்டு?"

"இன்னிக்கு கேட்டுல ஒவ்வொருத்தரையா நிக்க வெச்சு செக் பண்ணாங்க மாமா! நேத்து எவனோ ரெண்டு பேர் டுபாக்கூர் அட்டைய மாட்டிகினு ஆபீசுல பூந்து, புது அழைப்பிதழ் படத்தை சுட்டுகினு போயிட்டானுங்களாம், ஆனா 'வெறும் படத்தை வெச்சுகினு அது இன்னா பொருள்னு எந்த மடையன் சொல்லப் போறான்'னு எங்க பெரிய சாரு நிம்மதியா டீ குடிச்சிகினு இருக்காரு!"