வரலாறு காணாதான்

"இதையேதான போன கார்த்திகையிலயும் சொன்ன?"

அண்ணன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சிரிப்புக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"இது அது மாதிரி இல்லண்ணே."

"அதையுந்தான் சொன்ன."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். செய்தி அறையின் எல்லாத் திரைகளிலும் அந்த வெள்ளைச் சுழி சுற்றிக்கொண்டிருந்தது. மணி மூன்று. இருட்டுவதற்குள் கரையைத் தொடும் என்றார்கள். தொடும் இடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், அண்ணன் வீடு.

டிவியின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டைக்கு வரி எழுதுவது அவள் வேலை. நான்கு வருடமாக.

போன கார்த்திகையில் வானிலை மையம் அனுப்பிய தாளில் 'கனமழைக்கு வாய்ப்பு' என்றுதான் இருந்தது.

"வாய்ப்புன்னு போட்டா எவன் நம்ம சேனல்ல நிப்பான்?" என்றார் எடிட்டர் ஜெயசீலன்.

'வரலாறு காணாத புயல்' என்று மாற்றினாள்.

அதை நம்பி ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரே ஒரு குடும்பம்.

மூன்று நாள் பள்ளிக்கூடத் தரையில் கிடந்தார்கள். மூன்று நாளும் வெயில். திரும்பி வந்தபோது, கட்டிப்போட்டிருந்த இரண்டு ஆடுகளையும் நாய்கள் குதறியிருந்தன.

ஊர் அண்ணனுக்குப் பெயர் வைத்தது.

வரலாறு காணாதான்.

"மீன் ஏலத்துக்குப் போனா, 'வாங்க வரலாறு காணாதான், குடை எங்க'ங்கிறானுவ. இன்னொரு தடவை மூட்டையத் தூக்குனேன்னு வையி, எம் மவளுக்கும் அதே பேருதான்."

"அண்ணியையும் பிள்ளையையுமாவது அனுப்புண்ணே."

"அவ வரமாட்டாளாம். அந்தப் பள்ளிக்கூடத்துக் கொசுவுக்குப் புயலே தேவலையாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்டுடியோவில், வானிலை ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். பஸ் நேரம் சொல்வது போன்ற குரல்.

"டிவி ஓடுதாண்ணே? சத்தம் வை. அந்த சார் பேசுறதக் கேளு."

"சத்தம் வச்சா காட்டுக் கத்தா கத்துறானுவ. எனக்கு உன் வரி போதும் பாப்பா."

அது அவளுக்குத் தெரியும். நான்கு வருடமாக அவன் டிவியை ஊமையாக்கித்தான் பார்க்கிறான். சிவப்புப் பட்டை ஓடினால் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பான். என் தங்கச்சி எழுதுறது என்பான். கேட்காதவர்களிடமும் சொல்வான்.

"இரு, கோழியப் புடிச்சி உள்ள..."

அறுந்தது.

திரும்ப அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஏழு முறையும் அதே குரல்.

ஸ்டுடியோவில் ஆய்வாளர் சொல்லிக்கொண்டிருந்தார். கரையோரம் தாழ்ந்த இடங்களில் இரண்டு மீட்டர் வரை தண்ணீர் நிற்கலாம்.

அண்ணன் வீட்டு வாசல் நிலையில் அவளுக்கே தலை இடிக்கும்.

"அப்போ பருவநிலை மாற்றத்தால உலகமே அழியப்போகுதா சார்?" தொகுப்பாளினி மேசையில் தட்டினாள்.

"இந்த ஒரு புயலை வச்சு நான் எதையும் சொல்லமாட்டேன். கடல் சூடாகிட்டு வருது. சூடான கடல்மேல புயல் சீக்கிரமா வலுக்கும். அதுக்கு எங்ககிட்ட அளவு இருக்கு. அழியும்னெல்லாம் சொல்லாதீங்கம்மா."

விளம்பரம் வந்துவிட்டது.

ஜெயசீலன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பட்டையை மாத்து. அதையே போடு."

எதை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அவள் 'வ' என்று அடித்ததுமே கணினி மீதியை எழுதிக் காட்டியது.

வரலாறு காணாத.

மழைக்குப் போட்டிருக்கிறாள். வெயிலுக்குப் போட்டிருக்கிறாள். தக்காளி விலைக்கும் போட்டிருக்கிறாள்.

அழித்தாள்.

கோரத்தாண்டவம். அழித்தாள்.

பேரழிவு. அழித்தாள்.

எல்லாம் அவன் ஏற்கெனவே உரக்கப் படித்தவை.

இரண்டு மீட்டர் என்று அடித்தாள். அண்ணன் மீட்டரில் அளப்பவன் இல்லை. தூண்டில் கயிற்றை இரு கையையும் விரித்துப் பிடித்து ஒரு பாகம், இரண்டு பாகம் என்றுதான் கடலின் ஆழத்தை எண்ணுவான். ஒரு பாகம், ஒரு ஆள் உயரம். சின்ன வயதில் அவன் விரித்த கைகளுக்கு நடுவே அவளை நிறுத்தி, நீ அரைப் பாகம் என்று சிரிப்பான்.

இரண்டு மீட்டரை அழித்தாள். ஒரு பாகம் என்று அடித்தாள்.

'வரும்' என்று முடித்தாள்.

கை நின்றது. ஆய்வாளர் 'வரும்' என்று சொல்லவில்லை. 'லாம்' என்றுதான் சொன்னார்.

வரும் என்றால் கிளம்புவானா? வரலாம் என்றால்?

"என்னம்மா, ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்க? விளம்பரம் முடியுது."

ஒரே ஒரு சொல்லில் இருந்தான் அவன்.

அவள் 'வரும்' என்பதை அழித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மீதியை அடித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"ஏய், என்ன இது?" என்றார் ஜெயசீலன்.

ஊரில் கரண்ட் இருக்கிறதா என்று தெரியாது.

எல்லாத் திரைகளிலும், சிவப்பில், வலமிருந்து இடமாக, நிதானமாக ஊர்ந்தது அது.

அண்ணே, நம்ம வீட்டுக்குள்ள ஒரு பாகம் தண்ணி வரலாம். கெளம்புண்ணே.